தலையிடியைப் பொறுத்தல் அறமாகுமா?

பொறுமை உயர்ந்த பண்பு என்பது தமிழர் வாழ்வில் ஊறிப்போன எண்ணமாகும். பிறர் செய்த பிழையைப் பொறுப்பவனைப் போலவே தன் உடல் நோவைப் பொறுப்பவனையும் உலகம் போற்றுகின்றது. ஆயின், இவ்விரு பொறுத்தலும் ஒன்றாகுமா என்பது ஆராயத்தக்கது. பரீட்சைக் காலத்தில் மாணவரைப் பற்றும் தலையிடி இவ்வினாவை எழுப்புதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

உளநெருக்கீட்டோடு தொடர்புடைய இத்தலையிடி பெரும்பாலும் இருபுறத்தும் தோன்றும். பட்டியொன்றினால் தலையைச் சுற்றி இறுக்கினாற் போன்றிருக்கும். அரைமணி நேரத்தில் அகலவுங் கூடும். ஏழு நாள் வரை நீடிக்கவுங் கூடும். உறக்கக் குறைவு, உணவு தவறல், நெடுநேரம் குனிந்திருந்து படித்தல், ஓயாத கவலை ஆகியன அதனைத் தூண்டுவன. உயிருக்கு ஊறு செய்யாத இந்நோ பிறர் கண்ணுக்குப் புலப்படுவதுமில்லை. முறிந்த கையைக் கண்டு இரங்குவோர், தலையிடி என்றால் சாட்டு என்பர். அதனாலேயே மாணவர் பலர் அதனை வெளியிற் சொல்வதில்லை.

இம்மௌனத்தை மனவுறுதி என்று கொள்வோர் ஸ்ரோயிக் ஞானிகளைத் துணைக்கழைக்கலாம். அடிமையாயிருந்து பின் ஆசிரியரான எபிக்ரீற்றஸ், உடல் நம் ஆட்சிக்கு உட்பட்டதன்று என்றும் நம் தெரிவுகளே நமக்குரியன என்றும் போதித்தார். ஆனால், அவர் வகுத்த இப்பாகுபாடே மௌனத்துக்கு எதிராகின்றது. தலையிடி நம் ஆட்சிக்கு அப்பாற்பட்டதாயினும், இரவு மூன்று மணிவரை விழித்திருப்பதும் காலையுணவைத் தவிர்ப்பதும் பெரும்பாலும் தெரிவுகளே. தெரிவின் விளைவை விதியெனப் பொறுத்தல் உறுதியாகாது.

மற்றொரு சாரார் மாத்திரையை நாடுவர். இடைக்கிடை பனடோல் எடுப்பதிற் குற்றமில்லை. ஆயின், அத்தகைய நோநீக்கிகளை மாதத்திற் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக எடுத்துவரின், அம்மருந்தே தலையிடிக்குக் காரணமாகலாம். நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்தே மருத்துவம் செய்ய வேண்டுமென்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் தரும் அறிவுரை. முதலை நாடாது நோவை மட்டும் அடக்குவோர் அதன் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றனர்.

இம்மானுவேல் கான்ற் 1797இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், மனிதன் பிறருக்கு மட்டுமன்றித் தனக்குந் தான் கடமைப்பட்டவன் என வாதிட்டார். மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற அவரது நெறி, தன்னைத் தானே கருவியாக்குவோனையுந் தடுக்கின்றது. தலையிடியோடு படிக்கும் தங்கையைப் பார்த்துப் “போய்ப் படு” என்னும் அண்ணன், அதே நிலையில் தான் விழித்திருப்பதைப் பெருமையாகக் கருதுவானாயின், அவன் அறத்தில் முரண்பாடு உண்டு.

முயற்சியின்றிக் கல்வி வாய்க்குமா எனக் கேட்கலாம். வாய்க்காது. ஆயினும், முயற்சிக்கு நோ அளவுகோலாகாது. நோவோடு கழித்த நான்கு மணி நேரத்தைவிட, உறங்கியெழுந்து படித்த இரண்டு மணி நேரம் மிகுந்த பயன் தரக்கூடும்.

எனினும், பொறுப்பு முழுவதையும் மாணவன் தலையிற் சுமத்துதல் நீதியன்று. குடும்பத்தின் நம்பிக்கையைத் தனியே தாங்குபவனுக்கும், மாலையில் வகுப்பெடுத்துச் செலவைச் சமாளிப்பவளுக்கும் உறக்கம் தெரிவுக்குரிய பொருளாய் அமைவதில்லை. ஒரே வாரத்தில் ஒப்படைகள் யாவற்றையுங் கோரும் ஒழுங்கு, ஓய்வெடு என்று கூறும் தகுதியை இழந்துவிடுகின்றது. எனவே, தலையிடியைச் சொல்வது மாணவன் கடமையாயின், அதனைச் சாட்டென்று தள்ளாது கேட்பது தோழர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும். திடீரெனக் கடுமையாய்த் தாக்கும் தலையிடியும், காய்ச்சலோடு கழுத்து விறைப்போ கைகால் தளர்ச்சியோ பார்வை மாற்றமோ சேர்ந்த தலையிடியும் உடனே வைத்தியரிடம் காட்டப்படவேண்டியன. சொல்லும் வழக்கமும் கேட்கும் வழக்கமும் இல்லாதவிடத்து அவையும் மறைக்கப்பட்டுவிடும்.

பிறர் பிழையைப் பொறுப்பவன் பிறனொருவனுக்கு நன்மை செய்கின்றான். தீர்க்கக்கூடிய நோவைப் பேசாது பொறுப்பவன் எவருக்கும் நன்மை செய்வதில்லை; அடுத்து வரும் மாணவனும் அவ்வாறே பொறுக்கவேண்டுமென்ற வழக்கத்தையே விட்டுச்செல்கின்றான்.