யார் பதில் சொல்வது?

கலைஞர் மறைந்தது 2018-இல். 2024 ஜனவரியில் அவர் மஞ்சள் துண்டோடு மேடைத் திரையில் தோன்றி, கரகரத்த அதே குரலில் மகனின் ஆட்சியைப் பாராட்டினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரல் அதிமுகவுக்கு ஆதரவு கேட்டது. இரண்டும் செயற்கை நுண்ணறிவின் ஆக்கங்கள். கேட்ட தொண்டர்கள் நெகிழ்ந்திருப்பார்கள். அந்த நெகிழ்வைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தலைவரின் சொல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? நேற்றுச் சொன்னதை இன்று அவரிடமே கேட்கலாம், தவறினால் தேர்தலில் தோற்கடிக்கலாம் என்பதால்தான் அது வாக்குறுதி ஆகிறது. இறந்தவரிடம் எதைக் கேட்பது? சொல்லாததைச் சொன்னதாகக் காட்டினாலும் மறுக்க அவர் வரப்போவதில்லை.

அதே செயற்கை நுண்ணறிவு மருத்துவத்தில் தருவதோ நன்றியோடு ஏற்க வேண்டிய நன்மை. சர்க்கரை நோய் விழித்திரையைச் சிதைப்பது தொடக்கத்தில் நோயாளிக்கே தெரியாது. அமெரிக்காவிலும், மதுரை அரவிந்த் உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளிலும் திரட்டிய சுமார் 1,28,000 படங்களைக் கொண்டு கூகுள் பயிற்றுவித்த கணினி, அந்தச் சிதைவைக் கண் மருத்துவர்களுக்கு நிகராகக் கண்டறிகிறது என்று 2016-இல் ஆய்வு வெளியானது. கண் மருத்துவரே இல்லாத ஊருக்கு இது பெரிய துணை. ஆயினும் நோயைக் கண்டுபிடித்த பின், “பயப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

அப்படி ஒருவர் இல்லாமல் போனால் என்ன நேரும் என்பதை நெதர்லாந்து கண்டது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டறிய அந்நாட்டு வரித்துறை ஒரு கணினி முறையைப் பயன்படுத்தியது. வெளிநாட்டுக் குடியுரிமையும் அதற்குச் சந்தேகத்தின் அடையாளமானது. அது சுட்டிய விண்ணப்பங்கள் அலுவலரிடம் வரும். ஏன் சுட்டியது என்பது அவருக்கும் தெரியாது. பல்லாயிரம் குடும்பங்கள் செய்யாத குற்றத்துக்குக் கடனாளிகளாயின. அதற்குப் பொறுப்பேற்று 2021 ஜனவரியில் அன்றைய பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் இங்கே நினைவுக்கு வருகிறான். கண்ணகியின் கணவனைக் கள்வன் என்று பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் ஏற்றதே அவன் பிழை. ஆனால் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டிய கணத்தில், பொற்கொல்லன்மேல் பழியைப் போட்டுத் தப்ப அவன் நினைக்கவில்லை. பிழை தன்னுடையதே என்று உணர்ந்து உயிர்விட்டான். தீர்ப்பு என்பது அறிவின் செயல் மட்டுமன்று; அறிவு எத்துணை நுண்ணியதாக, எத்துணை விரைவானதாக வளர்ந்தாலும், பிழைத்தபோது வெட்கவும் வருந்தவும் ஈடுசெய்யவும் கூடிய ஓர் உயிர் அதன் பின்னே நிற்கும்போதுதான், அந்தத் தீர்ப்புக்கு இன்னொரு மனிதரின் வாழ்க்கையைத் தொடும் தகுதி பிறக்கிறது.

ஆகவே ஓர் அலுவலகமோ மருத்துவமனையோ இக்கருவியை வாங்கும்போது, அதன் வேகத்தை விசாரிப்பதற்கு முன், அது தவறினால் நம்மிடம் பதில் சொல்பவர் யார், முடிவை மாற்றும் அதிகாரம் அவருக்கு உண்டா என்று நாம் கேட்டாக வேண்டும். நெதர்லாந்துப் பெற்றோர் அந்தக் கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள்.