நோய் தீர்க்க நோய் உண்டாக்கலாமா?

வலிப்பு நோய்க்கு மருந்து காணும்பொருட்டு, அந்நோயே இல்லாத எலிக்கு ஊசியிட்டு வலிப்பை வருவிக்கின்றனர். இது தம்மத்திற்கு ஒக்குமா என்று இளம் உபாசகர் ஒருவர் நம்மை வினவினார். அவர் தங்கை அந்நோய்க்காக நாள்தோறும் மாத்திரை உண்பவள். ஆதலின் இது வீண் வாதத்திற்காக எழுந்த கேள்வியன்று.

முதலில் உள்ளதை உள்ளபடி அறிவோம். ஆய்வுக்கூடங்களில் இதற்கெனப் பெரிதும் வழங்கும் பொருள்களுள் ஒன்று பென்டிலீன்டெட்ரசோல். மூளையின் கிளர்ச்சியை அடக்கிவைக்கும் காபா என்னும் பொருளின் வேலையை அது தடுத்துவிடும். பிரேக் பிடிக்காத யந்திரத்தை ஆலையில் நாம் கண்டதுண்டு. மூளையும் அவ்வாறே கட்டின்றி ஓட, உடல் வெட்டி இழுக்கிறது. புதிய மருந்து அதைத் தடுக்கின்றதா என்று பார்ப்பார்கள். பிரான்சிலுள்ள கிரனோபிள் நகரில் 1962இல், வேறு பொருள்களைக் கரைக்க உதவிய வால்பிராயிக் அமிலமே வலிப்பைத் தடுக்கிறதென்பது இச்சோதனையால்தான் வெளிப்பட்டது. இன்று அம்மருந்தால் பிழைத்திருப்போர் உலகெங்கும் உளர். இதனை மறைத்துப் பேசினால் நான்காம் சீலம் கெடும்.

எலிக்கு என்ன தெரியும் என்பாரும் உண்டு. அதே பொருளை மனிதருக்கும் செலுத்தியதுண்டு. வலிப்பு வந்தால் மனநோய் தீருமென நம்பிய மெதூனா என்னும் மருத்துவர், 1934இல் புடாபெஸ்ட் நகரில் அம்முறையைத் தொடங்கினார். ஊசியிட்டபின் வலிப்பு வருமுன் உள்ள சில கணங்களில், சாவே எதிரில் வந்தாற்போன்ற பேரச்சம் தம்மைப் பற்றியதாக நோயாளிகள் கூறினர். வாயுள்ள மனிதன் சொன்னான். வாயில்லா ஜீவன் சொல்லவில்லை. சொல்லாததனால் துன்பமே இல்லையென்றாகுமா? தாழ்ந்த பிறப்புக்கு நோவு உறைக்காது என்ற பேச்சு யார்மேல் எல்லாம் பேசப்பட்டதென்பதை நம்மவர் மறக்கலாகாது.

அப்படியாயின் மாத்திரையை எறியச் சொல்லுகிறோமா? இல்லை. திடீரென நிறுத்தினால் அப்பெண்ணின் உயிருக்கே கேடு வரலாம். யாகத்தில் ஆட்டை வெட்டியவன் பயனற்றதற்காக வெட்டினான். இங்கே பயன் உண்டு. ஆனால் பயன் உண்டென்பதால் இம்சை இம்சையல்லாமற் போகாது. அது நம்மேல் கடனாக நிற்கும்.

கடனைத் தீர்க்க வழியும் உண்டு. விலங்கிற்குப் பதில் வேறு வழி தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என்று ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1959இல் எழுதினர். இயன்ற இடத்திலெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டுமென்று நம் நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. மேலும், இவ்வூசிச் சோதனை தவறாத தராசுமன்று. லெவெடிரசெட்டம் என்னும் நல்ல மருந்து இதில் பயனற்றதாகவே தோன்றியது. வேறுவகை விலங்குச் சோதனையில்தான் அதன் ஆற்றல் தெரிந்தது. எனவே வழக்கம் என்பதற்காக மட்டும் ஓர் உயிரை வதைப்பதற்கு நியாயம் இல்லை.

அன்பரே, தங்கைக்கு மாத்திரையைத் தவறாது கொடுங்கள். அது எதன் துன்பத்தினின்று வந்ததென்பதையும் சொல்லிக் கொடுங்கள். கடனை அறிந்தவன் புதிதாக வீண்கடன் வாங்கமாட்டான். பிறர் வாங்கும்போதும் வாளாவிருக்கமாட்டான்.