மேடு பார்த்து அமர்ந்த ஊர்கள்

மீஞ்சூரிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் நிலம் ஒரே மட்டமாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போனால் அதன் மேடு பள்ளம் தெரிந்துவிடும். சில அடி உயரம்தான் வித்தியாசம். யார் எங்கே குடியிருப்பது என்பதை இங்கே அந்தச் சில அடிதான் தீர்மானித்தது.

கடலோரத்தில் மணல்மேடு. காட்டுப்பள்ளி போன்ற மீனவக் குப்பங்கள் அதன்மேல்தான் அமைந்தன. மேற்கே இறங்கினால் பக்கிங்காம் கால்வாய், கழி, உப்பளம். தெற்கே எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலையாறு கடலைச் சேர்கிறது. வடக்கே ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் விழுகிறது. இடைப்பட்ட சதுப்பில் இறாலும் நண்டும் பிடிக்கப் போனவர்கள் வீடு கட்ட மேட்டுக்கே திரும்பினார்கள். சதுப்பு, வெள்ளம் வந்து தங்கிப் போகும் இடம்.

சதுப்பு முடியும் இடத்தில் ஏரியும் வயலும் கோயிலுமாகப் பழைய ஊர்கள் தொடங்குகின்றன. பௌர்ணமியன்று திருவொற்றியூர் வடிவுடையம்மனையும் திருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் தரிசிப்பவர்கள் தேடிவரும் திருவுடையம்மன் இருப்பது இங்குள்ள மேலூரில். ஏகாம்பரநாதரும் வரதராஜரும் ஒருசேர இருப்பதால் மீஞ்சூருக்கு வடகாஞ்சி என்று பெயர்.

இந்த ஊர்களின் உண்மையான செல்வம் மண்ணுக்கடியில் இருந்தது. ஆறுகள் காலங்காலமாகக் கொண்டுவந்து படியவைத்த மணலில் நல்ல தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதை நம்பித்தான் முப்போகம் விளைந்தது. 1960களின் இறுதியிலிருந்து சென்னையின் தேவைக்காகவும் இங்கே ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. வயலுக்கும் நகரத்துக்கும் ஆலைகளுக்குமாக, மழை நிரப்புவதைவிட அதிகமாக இறைத்தோம். உள்ளே நன்னீர் அழுத்தம் குறையக் குறையக் கடல்நீர் மணல்வழியே பல கிலோமீட்டர் ஏறி வந்தது. கிணறுகள் உவர்ந்தன. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1987இல்தான் வந்தது. 2010இல் காட்டுப்பள்ளி மணல்மேட்டிலேயே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. இலவசமாக ஊறிய தண்ணீரை இழந்து, மின்சாரம் செலவழித்துத் தண்ணீர் செய்கிறோம். எனக்கு இது பெரிய நஷ்டமாகவே படுகிறது.

அனல்மின் நிலையங்களும் 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகமும் இப்பகுதிக்கு வேலை தந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றோடு வந்த சாலையும் சாம்பலும் கொட்டிய மண்ணும் முன்னோர் வீடு கட்டாமல் விட்டுவைத்த பள்ளத்தையே நிரப்பின. கழி மேடாகிப்போனால் கொசஸ்தலையின் வெள்ளத்துக்குப் பழைய ஊர்களைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. மிச்சமிருக்கும் சதுப்பில் இனி ஒரு லாரி மண்கூட விழக்கூடாது.