வளைவின் மேல் ஓடும் ரேகை

தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக்கை நீலகிரியில் எல்லோரும் அண்ணாந்து பார்த்திருப்போம். அறுத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. தண்டின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் கதிர்கள் அதில் மிக அகலம். நடுவை நோக்கி அறுத்த பலகையில் அந்தக் கதிர்கள் பளபளக்கும் செதில்களாக விரிந்து கிடக்கும். வளர்வளையங்களை ஒட்டிப் பக்கவாட்டில் அறுத்தாலோ, அதே கதிர்கள் குட்டிக் குட்டிக் கோடுகளாகச் சுருங்கிவிடும். மரம் ஒன்றுதான், வாள் போன திசைதான் வேறு.

கணினித் திரையில் நாற்காலி செய்வது என் தொழில். இந்தச் செதில்களைப் பற்றி யோசித்த அளவுக்கு வேறெதையும் நான் யோசித்ததில்லை.

•

சில்வர் ஓக்கில் கடைந்த உருண்டைக் கால். அதைச் சுற்றி விரலை ஓட்டினால் ஓரிடத்தில் செதில், கால் சுற்று தள்ளிக் கோடு, இன்னொரு கால் சுற்றில் மறுபடி செதில். நடுவே ஒன்று மற்றொன்றாக மாறுகிற இடம்தான் எனக்குப் பிடித்தது: செதில் குறுகி, சாய்ந்து, ஊசியாகி மறையும்.

பலகையின் படம் ஒன்றை எடுத்து அந்தக் காலைச் சுற்றி ஒட்டினால் நான்கு பக்கமும் ஒரே செதில்தான். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் போகலாம். ஆனால் இது மைக்கா ஒட்டியது என்று கண் சொல்லிவிடும்.

•

வளைந்த பரப்பில் படத்தைப் போர்த்தும் வழியை எட்வின் கேட்மல் 1974-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் ஆய்வில் எழுதினார். அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியைக் கணினி உருவமாக ஆக்கினார். உருண்ட வயிறும் வளைந்த மூக்கும் கைப்பிடியும் ஒரே பொருளில் இருந்ததால், பல்லாண்டுகள் உலகமே அதில்தான் பரப்புகளைச் சோதித்தது. தேயிலை மலையில் உட்கார்ந்து இந்தத் தொழில் செய்கிறவனுக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

போர்த்துவதில் ஒரு சிக்கல் உண்டு. உருளையை வெட்டி விரித்தால் தட்டையாகிவிடும். உருண்டை அப்படி விரியாது. இழுபடாமல் அதைத் தட்டையாக்க வழியே இல்லை என்று கணிதவியலாளர் காஸ் 1827-இலேயே நிறுவிவிட்டார். பானைக்கு வேடு கட்டும்போது துணி விளிம்பில் மடிப்பு விழுவதும் இதனால்தான். மரக்கடையில் வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளை ஒட்டுகிறவர்களுக்கும் இது தெரியும். ஒரு திசையில் மட்டும் வளைந்த கதவில் அழகாக உட்காரும் வெனீர், இரு திசையிலும் குழிந்த இருக்கையில் கிழியும் அல்லது சுருங்கும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சீம் என்னும் வெட்டுக்கோடு போட்டு, பரப்பை அன்ராப் செய்து விரிக்கும்போது நாம் செய்வதும் எங்கே கிழிக்கலாம் என்று தேர்ந்தெடுப்பதுதான். ஆசாரி இணைப்பு வைத்திருக்கும் இடத்திலேயே கிழிப்பதுதான் சரி. மூட்டில்தான் மரத்தின் ரேகை உண்மையிலும் முறிகிறது.

•

மர வளைவில் முக்கியமாக இரண்டு சாதி.

ஒன்று, வளைத்தது. 1859-இல் வந்த தோனெட் நிறுவனத்தின் 14-ஆம் எண் நாற்காலியில் பீச் மரக் கழிகளை நீராவியில் பதப்படுத்தி வளைத்தார்கள். நார் வளைவோடு வளைவாக முழுச் சுற்றும் போகும். ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள தோடர்களின் குடியிருப்பான மந்தில் அரைப்பீப்பாய் வடிவக் குடிலைப் பார்த்தாலும் இதுதான். வளைத்த மூங்கிலில் நார் ஒரு பக்கத் தரையிலிருந்து மறுபக்கத் தரைவரை அறுபடாமல் வருகிறது.

மற்றது, அறுத்தது. தோட்டத்து பங்களாக்களின் ஈட்டிமரச் சாய்வு நாற்காலியில் பின்கால் வளைந்திருக்கும். ஆனால் அது அகலப் பலகையிலிருந்து வாள் எடுத்த வளைவு. ரேகை நேராகத்தான் போகும். வளைவு அதை விட்டு விலகும். விலகுகிற இடத்தில் வளர்வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நீள்வட்டங்களாகத் திறந்துகொள்ளும். அந்த நீள்வட்டங்களை விட்டுவிட்டு ரேகையை வளைவோடு வளைத்துப் போட்டால், நீராவி படாத மரத்துக்கு நீராவி பட்டதாகச் சொல்கிறோம். நான் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அந்தக் காலை அறுத்தவரின் கணக்கு அதில் இருக்கிறது: எந்த இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்படுமோ அங்கேதான் கால் முறியும், அதற்காகத்தான் அங்கே கனம் வைத்திருப்பார்.

•

கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடியில் ஆளுயரத்துக்கும் மேலான யானைகள் செய்கிறார்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரின் கைவேலை அது. காட்டை மூடிய அந்நியச் செடியின் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, இளக்கமாக இருக்கும்போதே கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டுகிறார்கள். 2021-இல் லண்டன் பூங்காக்களில் அந்த யானைக் கூட்டம் நின்றது.

உருண்ட உடலைக் கோடுகளால் மூடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. தண்டுகள் உடம்பின் போக்கிலேயே போகின்றன. பரப்பு விரியும் இடத்தில் இடையில் புதுத் தண்டு நுழைகிறது. ஒடுங்கும் இடத்தில் ஒன்று நின்றுவிடுகிறது. எதையும் இழுத்து நிரப்பவில்லை.

•

1985-இல் கென் பெர்லினும் டார்வின் பீச்சியும் தனித்தனியே கணினிப் பரப்புகளுக்கு வேறு வழி காட்டினார்கள். படத்தை மேலே ஒட்டாமல், மரத்தையே முப்பரிமாணத்தில் கணக்காக எழுதிவிடுவது: நடு இங்கே, வளையங்கள் இத்தனை நெருக்கம், கதிர்கள் இப்படி. பிறகு நாற்காலியை அந்தக் கட்டைக்குள் வைத்துச் செதுக்கினால் செதிலும் கோடும் நீள்வட்டமும் தாமாக வந்து சேரும். அறுத்த வளைவுக்கும் கடைந்த காலுக்கும் இதுவே நேர்மையான முறை என்பது என் கருத்து. வளைத்த மரத்துக்கு மட்டும் நேரான கட்டையில் கணக்கைப் போட்டுவிட்டு, கணக்கோடு சேர்த்துக் கட்டையை வளைக்க வேண்டும்.

செதிலின் பளபளப்பு இதில் தானாக வராது. மஞ்சு மூடிய நாளில் சில்வர் ஓக் பலகை மந்தமாகக் கிடக்கும். வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் செதில்கள் மட்டும் மின்னும், தலையை நகர்த்தினால் வேறு செதில்கள் மின்னும். அதனால் செதிலுக்கு நிறத்தோடு ஒளியைத் திருப்பும் திசையையும் தனியாகக் கொடுக்கிறேன்.

•

வரைபடம் கைக்கு வந்ததும் ஆசாரியிடம் நான் கேட்பது: வளைத்ததா, அறுத்ததா, அடுக்கி ஒட்டியதா? அடுக்கி ஒட்டியது என்றால் ஓரத்தில் அடுக்குகளின் கோடு வளைவோடு ஓட வேண்டும். அறுத்தது என்றால் கைப்பிடியின் முனையில் வளையங்கள் வெளியே தெரியும். அந்த வெட்டுமுகத்தின் ஒவ்வொரு வளையமும் மேல்முகத்து ரேகையோடு விளிம்பில் சரியாகச் சேர வேண்டும்.