அறுபது நிறைந்த நாளில்



அகவை அறுபது நிறைந்து, பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வந்தெய்தும் நாளை நம்மவர் மணிவிழாவெனக் கொண்டாடுவர். பிரபவ முதல் அட்சய ஈறாக எண்ணப்படும் 60 ஆண்டுகளும் ஒருமுறை சுழன்று முடிதலும், வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் ஏறக்குறைய நிறைதலும் அவ்வமயத்தே நிகழ்தலின், அந்நாளை வாழ்வின் ஒரு வட்டம் முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையாகக் கருதினர். அடியேனுக்கும் அந்நாள் இவ்வாண்டு எய்திற்று. மக்கள் விரும்பியவாறே, குங்கிலியக்கலயரும் காரியாரும் தொண்டு புரிந்த திருக்கடவூருக்குச் சென்றோம். வேள்வியும் கலச நீராட்டும் முறைப்படி நிகழ்ந்தன.

மகிழற்பாலதாகிய அந்நாளில் அடியேன் உள்ளத்தே அச்சமொன்று புகுந்தது. அதனை மறையாது கூறுவல். நாற்பதாண்டுகளாக மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லி வந்த பதிகமொன்றைச் சந்நிதியில் ஓதத் தொடங்கினேன். ஏழாம் பாட்டின் இடையே நா நின்றது. அடுத்த அடி நினைவில் எழவில்லை. அருகே நின்ற பெயரன் மெல்ல எடுத்துக் கொடுத்தான், ஓதி முடித்தேன். கேட்டவர் எவரும் அதனைப் பொருட்படுத்திலர். அடியேனுக்கோ, ‘இன்று ஓரடி மறந்தது, உயிர் பிரியும் நாளில் ஐந்தெழுத்தே மறந்தொழியின் என் செய்வது?’ என்னும் கலக்கம் எழுந்து அன்றிரவு உறக்கத்தைக் கெடுத்தது. நரையும் திரையும் அத்துணை அஞ்சத்தக்கன அல்ல. முழங்கால் நோவும் பொறுக்கத்தக்கதே. கற்றது நழுவும் என்னும் அச்சமே கற்றாரைப் பெரிதும் வருத்துவது.

அவ்விரவு மார்க்கண்டர் வரலாற்றையே எண்ணிக் கிடந்தேன். திருக்கடவூர் வழிபாட்டின் பயன் வாழ்நாள் நீட்டிப்பே என்பது பலர் கருத்து. கூற்றுவன் வந்தகாலை மார்க்கண்டர் செய்தது யாது? ஆண்டுகளைக் கணக்கிட்டு வாதாடினாரல்லர். இலிங்கத் திருமேனியைத் தழுவிக்கொண்டார், அவ்வளவே. பதினாறு வயதுப் பிள்ளையின் கைப்பிடி கூற்றுவன் பாசத்தை வெல்லுமோ? வெல்லாது. வென்றது பற்றிய கையன்று. பற்றப்பட்ட பெருமானது திருவருளே.

இன்னுமொன்று நோக்குக. பதினாறாம் அகவையில் மார்க்கண்டர் இறவாது நின்றார். அதே பதினாறாம் அகவையில் ஆளுடைய பிள்ளையார் நல்லூர்ப் பெருமணத்தே சோதியுட் கலந்தார். நம்பியாரூரர்க்கு 18, மணிவாசகர்க்கு 32, நாவரசர்க்கு 81 என வழிவழியாகக் கூறுவர். பேறு ஒன்றே, ஆண்டுகள் வேறு. ஆகலின், ஆண்டின் மிகுதி பேறுமன்று, குறைவு இழப்புமன்று என்பது தெளிக. அகவை எண்ணப்படுவது உடம்பிற்கே. அநாதியாகிய உயிர்க்கு அறுபது என்றும் எண்பது என்றும் கணக்கில்லை. பிராரத்த வினை நுகர்தற்கு அளவிட்டுத் தரப்பட்ட காலமே நம் வாழ்நாளாம்.

அற்றேல், நினைவு தளருங்கால் உயிரின் அறிவும் தளர்வதன்றோ எனின், கூறுதும். மனம் முதலிய கருவிகள் இறைவன் உயிர்க்குத் தந்தவை. விளக்கில் நெய் குறையின் ஒளி மங்கும். அதனால் கண் பழுதாயிற்று என்பார் இலர். மேலும், கண் தானே காணாது. உயிர் உடனின்று காட்டவே காணும். அதுபோல உயிரும் தானே அறியாது. இறைவன் உடனின்று அறிவிக்கவே அறியும். சிவஞானபோதப் பதினொன்றாஞ் சூத்திரம் நமக்கு உணர்த்துவது இதனையே. பாடம் சரளமாக நாவில் ஓடிய இளமையிலும் நாம் நம் வலியால் நினைந்தோமல்லேம். அவன் நினைப்பிக்கவே நினைந்தோம். அந்நாளில் அது தெரியவில்லை. ‘யான் ஓதினேன்’ என்னும் ஆணவ முனைப்பு அதனை மறைத்து நின்றது. ஓரடி மறந்த அன்றே அது தெரியலாயிற்று. முதுமை நம்பாற் கவர்வது போலத் தோன்றினும், நமதன்றாயதை நமதென்று கொண்ட மயக்கத்தையே அது கவர்கின்றது.

எல்லாம் அவன் செயலெனின் நாம் வாளா இருத்தல் அமையுமோ எனின், அமையாது. நாவரசர் முதுமையிற் கயிலை நோக்கிச் சென்றபோது, கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும், பின்னர்ப் புரண்டும் சென்றார். உறுப்பெலாம் ஓய்ந்தபின் அவர் கண்ட கயிலைக்காட்சி திருவையாற்றிலே எய்திற்று. அவர் தேடிச் சென்ற இடத்திலன்று. அதன்பின்னும் திருப்புகலூரில் உழவாரத் தொண்டினை விட்டாரில்லை. உழவாரம் நுழைந்த இடமெல்லாம் கிடந்த பொன்னையும் மணியையும் குளத்திலெறிந்து தம் பணியே செய்தார். இயன்ற மட்டும் முயல்வது நம் கடன். இயலாத இடத்தே ஏந்துவது அவன் கருணை.

ஆதலின், அறுபதும் எழுபதும் எண்பதும் கண்ட அன்பர்களே, நினைவு நிற்கும்போதே கற்றதை இளையோர்க்கு வழங்குமின். ஐந்தெழுத்தை நாள்தோறும் ஓதுமின். எஞ்சிய ஆண்டுகள் எத்துணை என்னும் கணக்கை அவன்பால் விடுமின். இளையோரே, முதியோர் ஓரடி மறந்து நிற்குமிடத்து நகையாதும் இரங்காதும் அவ்வடியை மெல்ல எடுத்துக் கொடுமின்.

அன்று பெயரன் குரலாய் வந்து அடியேனுக்கு அடியெடுத்துக் கொடுத்தது எதுவென்று இப்பொழுது தெளிகின்றேன். இறுதி நாளிலும் அதுவே வந்து எடுத்துக் கொடுக்கும். அச்சம் நீங்கிற்று.

திருச்சிற்றம்பலம்.