ஆள் சேர்த்த காசு

வேலை இல்லாதவருக்கு வேலை காட்டிவிட்டு, அதற்காகக் காசு வாங்குவது நியாயமா? நமது பங்கில் இதைப் பொழுதுபோக்காகக் கேட்பவர் இல்லை. திருப்பூரிலுள்ள நம்மில் அநேகர் மதுரை, திண்டுக்கல், இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து யாரோ ஒருவர் கைபிடித்து அழைத்து வர, இங்கே வந்து இறங்கியவர்கள். இன்று நாமும் பிறரை அழைத்து வருகிறோம். அழைத்து வந்தவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கம்பெனியோ கான்ட்ராக்டரோ கொடுப்பதும், அதை வாங்கிக்கொண்டவர் ஞாயிறு பூசைக்கு வருவதும் ஒளிவு மறைவான காரியம் அல்ல. ஆகவே இது பாவமா, இல்லையா என்று கேட்டறிய விசுவாசிகளுக்கு உரிமையுண்டு.

தரகு என்றாலே அநீதி என்று சொல்லிவிடுவது சுலபம்; ஆனால் அது உண்மையல்ல. ஊரை அறியாத ஒரு பெண் பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குக் கைமடி வேலைக்கும் செக்கிங்குக்கும் வித்தியாசம் தெரியாது. எந்தக் கம்பெனியில் சனிக்கிழமை தவறாமல் சம்பளம் கொடுப்பார்கள், எதில் இழுத்தடிப்பார்கள் என்பதும் தெரியாது. ஒருவர் தமது வேலையைப் போட்டுவிட்டு அவளை நாலு கம்பெனிக்கு அழைத்துப் போகிறார். அறை பார்த்துக் கொடுக்கிறார். முதல் வாரச் சாப்பாட்டுக்குக் கைமாற்றும் கொடுக்கிறார். அந்தப் பிரயாசைக்கு ஒரு சன்மானம் பெறுவதை ஏழாம் கற்பனை தடுக்கவில்லை.

அந்தச் சன்மானத்தைக் கொடுக்க வேண்டியவர் யார்? இங்கேதான் விஷயம் சிக்குகிறது. மத்தேயு சுவிசேஷம் 20-ம் அதிகாரத்தில் சேசுநாதர் சொன்ன உவமையில், திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் தாமே கடைத்தெருவுக்குப் போய் ஆட்களை அமர்த்துகிறார். ஒரு தடவையல்ல, ஐந்து தடவை போகிறார். சாயங்காலம் வரை நின்றவர்கள் தங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்று சொன்னபோது அவர்களையும் அனுப்புகிறார். இந்த உவமை மோட்ச இராச்சியத்தைக் குறித்தது. அதிலிருந்து தரகு விதிகளைப் பிழிந்தெடுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆள் தேவைப்பட்டவர் தோட்டக்காரர், தேடி அலைந்தவரும் அவரே என்பது கவனிக்கத்தக்கது. அவர் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியிருந்தால், போனவருடைய நடைகூலி யார் கணக்கில் ஏறும்? தோட்டக்காரர் கணக்கில்தான். காலையிலிருந்து வெயிலில் நின்றவனிடம் அதைக் கேட்பது அவனுடைய பசிக்கு வரி போடுவதாகும்.

உலகத்தாரும் இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1997-ம் ஆண்டில் வகுத்த 181-ம் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கலாகாது என்பதைப் பொதுவிதியாக வைத்தது. நமது அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவதற்கும் கட்டணமில்லை. இது தெரியாமல் நகையை அடகு வைத்துத் தரகருக்குக் கட்டுகிற குடும்பங்கள் உண்டு.

ஒரே தடவை வாங்கிப் போகிறவரைக் காட்டிலும், வாரந்தோறும் வாங்குகிறவர் காரியம் கனமானது. தையல் ஆட்களை வைத்து, வேலையை மேற்பார்த்து, கெட்டுப்போன உருப்படிக்குத் தாமே பொறுப்பேற்கிற கான்ட்ராக்டர் உழைக்கிறார். அவர் எடுப்பது அவருடைய கூலி. ஆளைக் கேட்டில் விட்டதோடு சரி, பிறகு பீஸ் ரேட்டில் இத்தனை காசு என்று வருஷக்கணக்கில் பிடித்துக்கொள்பவர் எந்த உழைப்புக்காக அதை எடுக்கிறார்? பிடிக்கப்பட்ட கூலி வானத்தை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்பதே அர்ச். இயாகப்பர் தமது நிருபத்தில் தரும் எச்சரிக்கை. 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ம் ஆண்டில் தொழிலாளர் நிலைமையைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் அந்த நிருபத்தையே எடுத்துக் காட்டினார். (சிங்கராயர் என்றால் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது, லியோ என்றால் விளங்கும். 2025-ல் பாப்பரசரானவர் அப்பெயரைத் தெரிந்துகொண்டதற்கு அந்தச் சுற்றுமடலையும் ஒரு காரணமாகச் சொன்னார்.)

தமிழருக்கு இது புதிய அனுபவமுமல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி அந்நியன் அல்லன். அதே ஊர்க்காரன், பெரும்பாலும் அதே ஜாதிக்காரன். முன்பணம் கொடுத்து அழைத்துப் போனான். வேலைக்கு இறங்கிய ஆட்களின் தலையை எண்ணி அவனுக்குக் காசு கிடைத்தது. முன்பணம் கடனாகி, கடன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏறியது. அந்தக் கடனை அடைக்கிற தோட்டத்துக்குத் தொழிலாளி கைமாறினான். அந்தத் துண்டு முறை 1921-ல்தான் சட்டத்தால் ஒழிந்தது. கங்காணிகள் எல்லாரும் துஷ்டர்களாக இருந்திருக்க முடியாது. ஊராருக்கு உபகாரம் செய்கிறோம் என்றே அவர்களில் பலர் நினைத்திருக்கக் கூடும். தலைக்குக் காசு என்று ஆனபிறகு, அந்தத் தலைக்குள் என்ன கவலை இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் போய்விடுகிறது.

இனி, காசு வாங்குவதைவிடப் பெரிய விஷயத்துக்கு வருவோம். கிராமத்தில் ஒரு தாய் கேட்கிறாள்: "அண்ணே, அங்கே பிள்ளைக்கு ஒன்றும் கஷ்டமில்லையே?" அண்ணன் சொல்கிறார்: "நம்ம வீடு மாதிரி இருக்கும், பயப்படாதே தாயி." விடுதியிலிருந்து தனியாக வெளியே விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். சீசனில் தினமும் ஒன்றரை ஷிப்டு என்பதும் தெரியும். சொன்னால் அந்தத் தாய் அனுப்பமாட்டாள். அனுப்பாவிட்டால் தலைக்காசு இல்லை. இவ்வட்டாரத்து நூற்பாலைகள் சிலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. மூன்று வருஷம் வேலை செய்தால் முடிவில் கலியாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். உடம்பு முடியாமல் நடுவில் திரும்பிய பெண்களில் பலருக்கு அத்தொகை கிடைக்கவில்லை என்று 2011-ல் வெளியான அறிக்கைகள் கூறின. அப்பெண்களைச் சேர்த்துவிட்ட தரகருக்கோ, அவர் காசு தனியாகக் கிடைத்தது.

இப்படித் தெரிந்தே மறைத்து வாங்கிய காசைக் குறித்து அடியேனுடைய அபிப்பிராயம் இது. உள்ளதைச் சொல்லி, அவள் அறிந்து சம்மதித்து வந்திருந்தால், கம்பெனி கொடுத்ததைச் சஞ்சலமின்றி வைத்துக்கொள்ளலாம். மறைத்திருந்தால், பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னதை மட்டும் சொல்லி எழுந்து வருவது போதாது. அந்தப் பொய்யால் அவளுக்கு நஷ்டம் வந்திருக்குமானால், அதை ஈடு செய்யும் கடமை நிற்கிறது. கோயில் உண்டியலில் போடுவது அந்தக் கடனைத் தீர்க்காது. காசு போக வேண்டியது அந்தப் பெண்ணின் கைக்கு.

"நான் காட்டிவிட்டேன், மற்றது கம்பெனி பாடு" என்கிறார் தரகர். "அவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள், எங்கள் பதிவேட்டில் இல்லை" என்கிறது கம்பெனி. போஞ்சு பிலாத்து கைகழுவ ஒரு பாத்திரம்தான் வேண்டியிருந்தது, இங்கே இரண்டு. கான்ட்ராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் மூல முதலாளியே கொடுக்க வேண்டும் என்று 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் 1981-ம் ஆண்டுச் சுற்றுமடலில், நேரடி முதலாளி மட்டுமன்றி மறைமுக முதலாளி என்று ஒருவரும் உண்டு, அவருக்கும் பொறுப்பு உண்டு என்று போதித்தார். நமது பங்கில் சிறு பனியன் யூனிட் நடத்தும் குடும்பஸ்தர்கள் சிலர் இருக்கிறார்கள். கான்ட்ராக்டரிடம் மொத்தமாகக் கொடுத்த பணம் தையல்காரிக்கு எவ்வளவாகப் போய்ச் சேர்கிறது என்பதை அவர்கள் சனிக்கிழமை ஒரு தடவை விசாரிக்கலாம், அதற்குச் செலவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொபியாஸ் ஆகமத்தில், மகனைத் தூர தேசத்துக்கு அனுப்பும் தகப்பன் கண் தெரியாதவர், ஏழ்மைப்பட்டவர். ஆயினும் கூட்டிப் போக வந்தவருடைய குலத்தையும் குடும்பத்தையும் விசாரிக்கிறார். நாளொன்றுக்கு ஒரு திராக்மா, வழிச்செலவு தனி என்று பேசி முடிக்கிறார். அதன் பிறகே மகனை விடுகிறார். வந்தவர் இரபாயேல் சம்மனசானவர் என்று அவருக்கு அப்போது தெரியாது. சம்மனசானவரையே விசாரித்தார்கள் என்றால், பைக்கில் வந்து இறங்குகிற தரகரை விசாரிப்பது மரியாதைக் குறைவாகாது. கம்பெனியின் பெயர் என்ன, சம்பளம் யார் கையிலிருந்து வரும், விடுதிக்கு எவ்வளவு பிடிப்பார்கள், ஞாயிறு பூசைக்கு விடுவார்களா, நடுவில் திரும்பி வந்தால் பாக்கி கிடைக்குமா என்று கேளுங்கள்.

சில வருஷங்களாக ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய வடமாநிலங்களிலிருந்தும் வாலிபர்கள் இங்கே வருகிறார்கள். சுந்தர்கர், சிம்டேகா, கும்லா ஜில்லாக்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் மிகுதி. வெளிமாநில ஆட்களுக்குப் பயணச் செலவும், அரை மாதச் சம்பளத்துக்குக் குறையாத இடப்பெயர்ச்சிப் படியும் கான்ட்ராக்டர் கொடுக்க வேண்டும் என்று 1979-ம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020-ம் ஆண்டுத் தொகுப்பில் பயணப்படி மட்டும் நிலைத்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் நமது ஞாயிறு பூசையில் பின்வரிசையில் நின்று, பிரசங்கம் விளங்காமலே, எழுந்தேற்ற நேரத்தில் சரியாக முழந்தாளிடுகிறார்கள். அவர்களை அழைத்து வந்தவர் யார், அதற்காக அவர்கள் எவ்வளவு கடன்பட்டார்கள் என்று நம்மில் ஒருவரும் இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை. இந்தி தெரிந்தவர்கள் நமது வாலிபர் சபையில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.