கைதும் குற்றமும்: பிரசாவுரிமைப் படிவத்தின் ஒரு வினா

கைது ஒருவர்க்கு நேர்வது. குற்றம் ஒருவர் இழைப்பது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் சுற்றவாளியே என இலங்கை அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை இவ்வேறுபாட்டைப் பேணுகின்றது. ஆயினும் பிறநாடொன்றின் பிரசாவுரிமையை வேண்டி நிற்பவரின் படிவத்தில் இவ்வேறுபாடு மங்கிவிடுகின்றது. அமெரிக்கப் படிவம் தண்டனையை மட்டுமன்றிக் கைதையும் வினவுகின்றது. குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டவரும் ‘ஆம்’ என்றே எழுதுதல் வேண்டும். பிரித்தானியாவின் 1981 ஆம் ஆண்டுச் சட்டமோ நன்னடத்தையை வேண்டுகின்றது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து புலம்பெயர்ந்தவர்க்கு இவ்வினா எளிதன்று. போர்க்காலச் சுற்றிவளைப்பில் அகப்படத் தமிழ் இளைஞராயிருத்தலே பல வேளைகளிற் போதுமானதாயிருந்தது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அமைச்சரின் கட்டளையின் பேரில் 18 மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்துவைக்க இடமளித்தது. 2022 இலேதான் அக்காலம் 12 மாதங்களாகக் குறைந்தது.

அக்காலத்தில் கைது ஏட்டிற் பதிவாக வேண்டுமென்றே பெற்றோர் மன்றாடினர் என்பதை இங்கு நினைத்தல் தகும். கைதினை 48 மணித்தியாலத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டுமென 2006 இல் சனாதிபதிப் பணிப்புரை பிறந்தமையும் இது கருதியே. ஏட்டிற் பெயரிருந்தால் தேடிச் செல்ல ஓரிடமுண்டு. 2008, 2009 ஆம் ஆண்டுகளிற் கொழும்பிலும் அயலிலும் கடத்தப்பட்ட பதினொருவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வைக்கப்பட்டிருந்தனர் என்பது நீதிமன்றின் முன் வந்த குற்றச்சாட்டு. 2015 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் செயற்குழுவொன்று அத்தளத்துள் இரகசியத் தடுப்பிடத்தைக் கண்டது. கடத்தப்பட்டவர்க்குக் கைதுப் பதிவு ஏது? படிவத்தின் கண்ணில் அவர்களே மாசற்றவர்கள்! தாய் வேண்டிப் பெற்ற பதிவு மகனின் விண்ணப்பத்திற் கறையாகின்றது.

அவ்வாறாயின் மறைக்கலாமா? கொலைஞனிடத்தும் பொய் கூறலாகாதென 1797 இல் வாதிட்டார் காண்ட். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையோடு ஒப்ப வைக்கப்படும் என்பது வள்ளுவர் கருத்து. நம்மவர் பலரும் வள்ளுவரையே துணைக்கழைப்பர். ஆனால் மறைத்துப் பெற்ற பிரசாவுரிமை பின்னொரு நாள் பறிக்கப்படலாம். பிள்ளைகளின் நிலையும் அதனோடு ஆட்டங்காணும். அத்தகைய நன்மையை வள்ளுவர் குற்றமற்றதென ஏற்றிருப்பார் என எனக்குத் தோன்றவில்லை. அன்றியும், மறைப்பவர் தமக்கு நேர்ந்ததைத் தாம் செய்ததாகவே ஒப்புக்கொள்கின்றார். எனவே ‘ஆம்’ என எழுதுதலே தகும்.

எழுதியபின் பொறுப்பு வினவியவரைச் சாரும். பொற்கொல்லனின் சொல்லையே சான்றாகக் கொண்ட பாண்டியன் ஆராயாமையாற் கெட்டான். ‘ஆம்’ என்ற ஒரு சொல்லைக் கண்டதும் கோப்பை ஒதுக்கும் அதிகாரி செய்வதும் அதுவே. விடுதலைக் கடிதம் கொண்டுவருமாறு அவர் பணிப்பது நியாயமெனத் தோன்றலாம். எனினும் சுற்றிவளைப்பிற் பிடித்து மறுநாள் விட்டவர்கள் கடிதம் எழுதிக் கொடுக்கும் வழக்கமுடையவர்களல்லர். அந்நிலையில் விண்ணப்பகாரரின் சத்தியக் கடதாசியை ஏற்று, அக்கால நிலைமையோடு அதனை ஒப்புநோக்கி முடிவு செய்தல் அவர் கடன்.